நெல் வயல் நீரில் வாழும் பாக்டீரியாக்களும் உங்கள் யூரியாவும்

நெற்பயிருக்கு மேலுரம் இட்ட ஐந்தாறு நாட்களில் வயல் கரும்பச்சையாக மாறுவதையும், இரண்டு வாரம் கழிவதற்குள் மறுபடியும் வெளுக்கத் தொடங்குவதையும் காணாத உழவர் இல்லை. வெளுத்த பயிரைக் கண்டதும் இன்னும் அரை மூட்டை யூரியாவை வாங்கி வீசிவிடுகிறோம். பயிர் பசி கொண்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் முன்பு இட்ட உரம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. நீர் தேங்கிய நெல் வயலில் இடப்படும் தழைச்சத்தில் 30 முதல் 40 விழுக்காடு மட்டுமே பொதுவாகப் பயிரைச் சேர்கிறது. அதாவது மூன்று மூட்டைக்குக் காசு கொடுத்தால் பயிர் தின்பது ஏறத்தாழ ஒரு மூட்டை. மீதியில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது; பெரும்பகுதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது.

இப்படிப் போவதற்குப் பெரிதும் காரணமாக இருப்பவை, வயல் நீரிலும் சேற்றிலும் வாழும் பாக்டீரியாக்கள். காசு செலவில்லாமல் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வயலில் சேர்ப்பவையும் அதே நீரில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்களே. எடுப்பவை கை ஓங்குமா, கொடுப்பவை கை ஓங்குமா என்பது நாம் எப்போது, எங்கே உரம் இடுகிறோம், எப்படித் தண்ணீர் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சேற்றின் இரண்டு அடுக்குகள்

நடவு செய்து மூன்று வாரம் ஆன வயலில், வரப்போரமாகச் சேற்றை ஒரு மண்வெட்டியால் கலையாமல் வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே மிக மெல்லிய அளவில், சில மில்லி மீட்டர் முதல் ஒரு சென்டி மீட்டர் கனத்திற்குள், சேறு மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாக இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறமாகவோ, தழை நிறையப் போட்ட வயலானால் கறுப்பாகவோ இருக்கும். வேரைச் சுற்றி மட்டும் துரு நிறத்தில் ஒரு பூச்சு தெரியும்.

இந்த நிற வேற்றுமைக்குக் காரணம் பிராண வாயு. தேங்கிய நீரில் கரைந்துள்ள பிராண வாயு மேல் மண்ணுக்குள் சிறிதளவே இறங்குகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடனே பயன்படுத்திவிடுவதால் அடிச் சேற்றுக்கு அது போய்ச் சேருவதில்லை. ஆகவே மேல் அடுக்கில் காற்றை விரும்பும் பாக்டீரியாக்களும், அடி அடுக்கில் காற்றில்லாமல் வாழப் பழகிய பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. நெற்பயிர் தன் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக வேருக்குக் காற்றை இறக்கிக் கொள்கிறது. அதனால்தான் வேரைச் சுற்றித் துரு படிகிறது.

இதை வீட்டிலேயே கண்டறியலாம். பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றில் பாதியளவு வயல் சேற்றைப் போட்டு, நறுக்கிய வைக்கோல் ஒரு பிடி கலந்து, நான்கு விரற்கடை உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் சன்னலில் இரண்டு மூன்று வாரம் வைத்துவிடுங்கள். மேலே பழுப்பு வரையும், கீழே கறுப்பும், கண்ணாடி ஓரமாகப் பச்சைப் படலமும், சேற்றிலிருந்து எழும் குமிழிகளும் தெரியும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

யூரியா படும் பாடு

யூரியாவைப் பயிர் பெரும்பாலும் அப்படியே உட்கொள்வதில்லை. நீரிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, இரண்டு நாள் முதல் ஐந்து நாளுக்குள் அதை அம்மோனிய வடிவத்திற்கு மாற்றிவிடுகிறது. இந்த அம்மோனியம் நெற்பயிருக்கு உகந்த உணவு. களிமண்ணும் இதைப் பிடித்து வைத்துக் கொள்ளும். மாற்றம் இத்துடன் நின்றுவிட்டால் நமக்கு நட்டமில்லை. ஆனால் இரண்டு வழிகளில் அது கைநழுவிப் போகிறது.

முதல் வழி, நீரின் மேற்பரப்பு. வயல் நீரில் உள்ள பாசிகள் பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நண்பகலில் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. கார அமில அளவு 9-ஐத் தாண்டுவதும் உண்டு. அந்த நிலையில் நீரில் கரைந்துள்ள அம்மோனியத்தில் ஏறத்தாழப் பாதி, ஆவியாகக் கூடிய அம்மோனியாவாக மாறி நிற்கும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் அது பறந்துவிடும். தேங்கிய நீரில் வீசிய யூரியாவில் பாதி வரையில் இவ்வழியில் இழக்கப்பட்டதை வெப்ப நாடுகளின் ஆய்வு வயல்களில் அளந்திருக்கிறார்கள். குறுவைப் பருவத்தில், பயிர் இன்னும் வயலை மூடாத நிலையில், காலை பத்து மணிக்கு நிறைந்த தண்ணீரில் யூரியா வீசுவது இதற்கு எல்லா வசதியும் செய்து கொடுப்பதாகும்.

இரண்டாவது வழி சற்றுச் சுற்று வழி. பழுப்பு நிற மேல் அடுக்கில் வாழும் சில பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது இரசாயன மாற்றம் அன்று, உயிர்களின் வேலை என்று மெய்ப்பித்தவர்கள் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர். 1877-ஆம் ஆண்டில் அவர்கள் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே மெதுவாக வடியவிட்டார்கள். முதல் இருபது நாட்கள் அம்மோனியா அப்படியே வந்தது. அதன் பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றமானால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமல்லவா? குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் நின்றுவிட்டது. பின்னர்த் தோட்ட மண்ணைக் கரைத்த நீர் சிறிது ஊற்றியதும் சில நாளில் மறுபடி தொடங்கியது. உயிரைக் கொன்றால் நிற்கிறது, உயிரைச் சேர்த்தால் நடக்கிறது. இந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. 1890-இல் இதை வெளியிட்டார். அம்மோனியாவை எரித்தே உயிர் வாழும் உயிரினம் ஒன்று உண்டு என்பது அக்காலத்தில் நம்ப முடியாத செய்தி.

நைட்ரேட்டும் பயிர் உண்ணக் கூடியதே. ஆனால் அதைக் களிமண் பிடித்து வைப்பதில்லை. அது நீரோடு சேர்ந்து அடி அடுக்கிற்கு இறங்குகிறது. அங்கே காற்றுக்குத் தவிக்கும் பாக்டீரியாக்கள், நைட்ரேட்டில் உள்ள பிராண வாயுவைத் தாம் எடுத்துக் கொண்டு தழைச்சத்தை வாயுவாக வெளிவிடுகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கியது எந்தக் காற்றிலிருந்து தொழிற்சாலையில் பிடிக்கப்பட்டதோ அந்தக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. ஜப்பானிய மண்ணியல் அறிஞர் ஷியோயிரி 1940-களில் இந்த இரண்டு அடுக்கு விந்தையை நெல் வயலில் விளக்கி, அம்மோனிய உரத்தை மேலே வீசாமல் அடிச் சேற்றில் புதைத்தால் இழப்பு குறையும் என்று காட்டினார். அடி அடுக்கில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் நைட்ரேட் உண்டாவதில்லை. நைட்ரேட் இல்லாவிட்டால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. இன்றும் நெல்லுக்கு உரமிடும் முறைகளெல்லாம் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

உரத்தை எப்படி இடுவது?

அடியுரமாக இடும் யூரியாவைக் கடைசித் தொழி உழவின்போது, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு இட்டு, உடனே சேற்றோடு கலக்கிப் பரம்படிக்க வேண்டும். பரம்படித்துத் தண்ணீர் கட்டிய பிறகு மேலே வீசுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. வேலை எளிதுதான், உரம் தங்காது.

மேலுரம் இடும்போது வாமடையையும் வடிமடையையும் அடைத்து, வயலில் தேங்கிய நீரை முன்கூட்டியே வடித்து, சேறு மட்டும் ஈரமாக இருக்கும் நிலையில் மாலை நேரத்தில் இடவேண்டும். ஒரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டலாம். அப்போது தண்ணீர் உரத்தைத் தன்னோடு மண்ணுக்குள் இறக்கிவிடும். களை எடுக்கும் கருவியை ஒருமுறை ஓட்டினால் இன்னும் நல்லது. வயலுக்கு வயல் பாயும் பாசனமுள்ள இடங்களில் நிறைந்த நீரில் யூரியா வீசுபவர் தன் கீழ் வயல்காரருக்கு உரம் இட்டவராகிறார். சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழை மூட்டம் கட்டி நிற்கும்போதும் உரமிடுவதை இரண்டு நாள் தள்ளிப் போடுவதே சிக்கனம்.

மொத்தத் தழைச்சத்தையும் இரண்டே தவணையில் கொட்டிவிடாமல், நடவு, தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இடுவதன் காரணமும் மேலே சொன்னதுதான். பயிர் ஒரு வாரத்தில் தின்னக் கூடியதை மட்டும் கொடுத்தால் பாக்டீரியாக்களுக்குப் பங்கு குறையும்.

வேப்பம் புண்ணாக்கின் சிறப்பு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை அதிலுள்ள கசப்புப் பொருள்கள் மந்தப்படுத்துவதில் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் தில்லியில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்குத் தூள் 1 பங்கு என்ற அளவில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுவது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறை. 25 கிலோ யூரியாவுக்கு 20 கிலோ ஜிப்சமும் 5 கிலோ புண்ணாக்கும் ஆகும். புண்ணாக்கை நன்றாக இடித்துச் சலித்துக் கொள்ள வேண்டும். கட்டியாக இருந்தால் யூரியா மணிகளில் ஒட்டாது.

இப்போது கடையில் விற்கும் யூரியா அனைத்தும் வேப்பெண்ணெய் பூசியதாயிற்றே, புண்ணாக்கு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு இருக்க வேண்டும் என்ற நடைமுறை 2015-இல் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. மேலும் அது தடுப்பது முக்கியமாக நைட்ரேட் ஆகும் வழியை. வெயிலில் அம்மோனியாவாக ஆவியாகும் வழியை அடைப்பதற்கு அதை நம்ப முடியாது. மூட்டையின் மேல் வேம்பு என்று அச்சடித்திருப்பதைக் கண்டு, தண்ணீரை வடிக்காமல் வீசுபவர்கள் ஏமாந்து போவார்கள். புண்ணாக்கு விலை கட்டுப்படியாகாதவர்கள் தண்ணீரை வடித்து மாலையில் இடுவதையாவது தவறாமல் செய்யலாம். அதற்குக் காசு வேண்டியதில்லை.

யூரியாவைப் பெரிய குண்டுகளாக அழுத்தி, நான்கு குத்துகளுக்கு நடுவே ஒன்றாக 7 முதல் 10 சென்டி மீட்டர் ஆழத்தில் சேற்றில் புதைக்கும் முறையும் உண்டு. ஷியோயிரி சொன்னதை அப்படியே செய்வது இதுதான். வங்காள தேசத்தில் ஏராளமான சிறு உழவர்கள் இதைக் கைக்கொண்டு, யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். ஆள் கூலிதான் தடை. வீட்டார் சேர்ந்து வேலை செய்யும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்துக்கு ஏற்றது. தண்ணீர் வேகமாக இறங்கும் மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்றதன்று.

கொடுக்கும் பாக்டீரியா: நீலப் பச்சைப் பாசி

பாசி என்று பெயர் இருந்தாலும் நீலப் பச்சைப் பாசி உண்மையில் ஒரு பாக்டீரியா. பச்சை நிறம் பெற்றுச் சூரிய ஒளியில் தானே உணவு தயாரிப்பதால் முன்னோர் அதைப் பாசியோடு சேர்த்துவிட்டனர். அனபீனா, நாஸ்டாக் முதலிய இனங்கள் மணிகள் கோத்த மாலை போல இருக்கும். அந்த மாலையில் இடையிடையே தடித்த சுவருள்ள சில அறைகள் உண்டு. அந்த அறைகளுக்குள் பிராண வாயு புகுவதில்லை. அங்கேதான் காற்றிலுள்ள தழைச்சத்து பிடிக்கப்படுகிறது. உரமே காணாத நெல் வயல்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி ஓரளவு விளைச்சல் தந்து வந்தன என்ற புதிருக்கு, நீலப் பச்சைப் பாசியே முக்கிய காரணம் என்று இந்திய அறிஞர் பி. கே. டே 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சி விடை சொன்னது. பின்னர் தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. எஸ். வெங்கட்ராமன் குழுவினர், இதை உழவர் தம் வீட்டு முற்றத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கினர்.

வெயில் நன்கு படும் இடத்தில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழத்தில் தகரத் தொட்டியோ, பாலித்தீன் விரித்த குழியோ அமைத்துக் கொள்ள வேண்டும். 8 முதல் 10 கிலோ வயல் மண்ணும் 200 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு, 5 முதல் 15 சென்டி மீட்டர் வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். மண் புளிப்பானால் சிறிது சுண்ணாம்பு சேர்க்கலாம். தெளிந்த நீர்ப்பரப்பில் தாய்ப் பாசியைத் தூவினால் பத்து நாள் அளவில் பரப்பு முழுவதும் தடித்த ஏடு படியும். பிறகு தண்ணீரை வற்றவிட்டு, வெடித்து உரியும் பாசிச் செதில்களைச் சேகரித்து நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம். உரம், பூச்சி மருந்து மூட்டைகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. மீண்டும் தண்ணீர் விட்டால் அதே தொட்டி அடுத்த அறுவடைக்கு ஆகும். நடவு செய்த பத்தாம் நாள், ஏக்கருக்கு 4 கிலோ என்ற அளவில், மெல்லிய நீர் நிற்கும் வயலில் தூவ வேண்டும். பாசி நன்றாகப் பிடித்த வயலில் ஒரு பருவத்தில் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ தழைச்சத்து கிடைக்கும் என்பது கணக்கு. இது 17 முதல் 26 கிலோ யூரியாவுக்குச் சமம்.

பாசி எல்லா வயலிலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. புளிப்பு நிலத்தில் வளராது. மணிச்சத்துக் குறைந்த நிலத்திலும் ஏமாற்றும். நத்தைகளும், கடுகளவு கூட இல்லாத சிறு ஓட்டுப் பூச்சிகளும் அதை மேய்ந்துவிடும். வெளியிலிருந்து தூவிய பாசி பல வயல்களில் நிலைப்பதில்லை. வயலில் ஏற்கெனவே இருக்கும் பாசியே மேலோங்குகிறது. ஆகவே பாசி வாங்கித் தூவுவதைக் காட்டிலும், இருக்கும் பாசியை வாழவிடுவது முதல் வேலை என்பது என் கருத்து. அதற்கு வேண்டியவை மணிச்சத்தை அடியுரமாகத் தவறாமல் இடுவதும், நீரில் யூரியாவைக் கரையவிடாமல் இருப்பதும்தான். நீரில் அம்மோனியம் நிறைந்திருந்தால் இந்தப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். இலவசமாகச் சோறு கிடைக்கும்போது அது ஏன் உழைக்க வேண்டும்? நிறைந்த நீரில் யூரியா வீசுபவர், இட்டதையும் இழந்து, வரவேண்டியதையும் இழக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளமான தலைமயிர் போல, தொட்டால் பஞ்சாக வரும் பச்சை நூற்பாசி வேறு. அது தழைச்சத்தைப் பிடிப்பதில்லை. இளம் நாற்றைச் சுற்றிப் படுக்க வைத்துவிடும். அதை வாரிப் போட்டுவிட வேண்டும். நீலப் பச்சைப் பாசி வழுவழுப்பாக, கூழ்க் கட்டியாகவோ கருமை கலந்த ஏடாகவோ இருக்கும். காய்ந்தால் காகிதம் போல உரியும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி நல்லதையும் அழிப்பவர்கள் உண்டு. அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் இந்த அனபீனா இனமே.

காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யும்போது

தண்ணீரைச் சிக்கனப்படுத்தக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்வது இன்று பரவி வருகிறது. வரவேற்க வேண்டியதே. சேற்றிலிருந்து மீத்தேன் வாயு உண்டாவதும் இதனால் குறைகிறது. ஆனால் வயல் காயும்போது காற்று அடிச் சேற்றுக்குள் புகுந்து, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட் வாயுவாகப் போகும். எனவே உரமிட்ட கையோடு வயலைக் காயவிடக் கூடாது. காய்ச்சல் முடிந்து தண்ணீர் கட்டப் போகும் சமயம் பார்த்து மேலுரத்தை இட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சி, அந்த நீர் தானாக மறையும் வரை விட்டுவிடலாம்.

எவ்வளவு காயவிடலாம் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. 30 சென்டி மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு புதைத்து, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாயினுள் தெரியும் நீர்மட்டம் மண் பரப்பிலிருந்து 15 சென்டி மீட்டருக்குக் கீழே போகும்போது பாய்ச்சினால் போதும், பயிர் வாடாது. வயலில் 5 சென்டி மீட்டர் நிற்குமாறு பாய்ச்சலாம். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காய்ச்சல் கொடுக்காமல் நீர் நிறுத்த வேண்டும். குழாயை வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், வயலின் நடு மட்டமான இடத்தில் புதைப்பது நல்லது; பள்ளத்தில் புதைத்தால் மேட்டுப் பயிர் காய்ந்து கொண்டிருப்பது தெரியாமல் போகும்.